நூறு டாலர் மேசையும் ஐம்பத்து நான்கு படியும்

செங்கல்பட்டில் சதாசிவம் வாங்கிய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் ஐம்பத்து நான்கு. 2003இல் கல்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று, டவுன்ஷிப் வீட்டைக் காலி செய்துவிட்டு இதைப் பார்க்க வந்தபோது அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பால்கனியில் நின்றால் ஏரி தெரிந்தது. ஏரிக்கரையில் ரயில் போவது தெரிந்தது. ஜெகதாம்பாள், "காத்து நல்லா வருதுங்க" என்றாள். அதோடு வீடு முடிவாயிற்று.

2005 பிப்ரவரியில் ஜெகதாம்பாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரு நாளைக்கு ஓர் அரை டஜன் சொல் வந்தால் அதிகம். டவுன்ஷிப்பில் வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திப் பேசியவள் அவள்.

மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த நாளில் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் நாற்காலியில் வைத்து மேலே தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சத்தம் கேட்டு இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. ஜெகதாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கட்டிலில் கிடத்திய பிறகு இடது கையால் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவருக்குப் புரிந்தது.

"இனிமே உன்னை யாரும் தூக்க மாட்டாங்க. நான் தரை வீடு பாக்கறேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். அதே தெருவில் தரைத்தள வீடு ஒன்று இருந்தது. இருக்கிற வீட்டை விற்றுக் கொடுத்தாலும் மேலே மூன்று லட்சம் வேண்டும். ஓய்வூதியம் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் சரியாக இருந்தது. மகள் ரோகிணி சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தாள். கடன் வாங்கித் தருகிறேன் என்றாள்.

"உன் சம்பளத்துல எனக்கு வீடா? வேற பேச்சு பேசு" என்றார்.

அவள் வேறு பேச்சு பேசினாள். தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள், இணைய இணைப்பு வாங்கிக் கொடுத்தாள். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு சீட்டாட்டத் தளத்தைக் காட்டினாள். அவருடைய பிறந்தநாளுக்கு அதில் ஐம்பது டாலர் போட்டாள். போக்கர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. யாரிடம் நல்ல கை இருக்கிறது என்பது பாதி, யார் பொறுத்திருக்கிறார்கள் என்பது மீதி. ஷிப்ட் கேன்டீனில் முப்பது வருடம் ரம்மி ஆடியவருக்குப் பொறுமை இருந்தது.

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை இரவு, செங்கல்பட்டில் சனிக்கிழமைக் காலை. அங்கே ஒரு வாரம் உழைத்துக் களைத்தவன் பீர் குடித்துக்கொண்டு ஆட வருவான். இங்கே சதாசிவம் குளித்து, திருநீறு பூசி, காபி குடித்துவிட்டு உட்காருவார். காலை ஆறரை முதல் எட்டரை வரை, ஞாயிறு தவிர எல்லா நாளும். இருப்பதிலேயே சிறிய, இரண்டு டாலர் மேசையில் தொடங்கினார்.

மேசைக்கு மேசை விலை உண்டு. இரண்டு டாலர் எடுத்துக்கொண்டு உட்காரும் மேசை, ஐந்து டாலர், பத்து, இருபத்தைந்து, ஐம்பது, நூறு. எப்போது அடுத்த மேசைக்கு ஏறலாம் என்பதுதான் ஆட்டத்தை விடப் பெரிய கேள்வி. ரோகிணி அவர் ஆடிய ஆயிரக்கணக்கான கைகளை ஒரு கம்ப்யூட்டர் நிரலில் போட்டு ஓட்டி, விடை சொன்னாள். மேசைத் தொகையைப் போல் நாற்பது மடங்கு கையில் இருந்தால் ஏறலாம். முப்பது மடங்குக்கு இறங்கினால் கீழ் மேசைக்கு வந்துவிட வேண்டும். சதாசிவம் அதை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

தானாக ஒன்றும் கண்டுபிடித்தார். டாலர் டாலராகத் தெரிகிற வரை மேசை நம்முடையது. அது ரூபாயாகத் தெரிய ஆரம்பித்தால் எழுந்துவிட வேண்டும்.

எழுவதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சுள்ள அறைக்குள் பழுது பார்க்கப் போகிறவருக்கு நிமிடக் கணக்கு உண்டு. கதவுக்கு வெளியே ஸ்டாப்வாட்சோடு ஒருவர் நிற்பார். அவர் கூப்பிட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். 1993இல் ஒரு நாள், நட்டு இன்னும் இரண்டு சுற்று இருக்கும்போது வெளியே நின்ற நண்பர் பார்த்தசாரதி கூப்பிட்டார். சதாசிவம் வந்துவிட்டார். "நட்டு எங்கயும் ஓடாது சதா, நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்" என்று பார்த்தசாரதி முதுகில் தட்டினார். இன்னொரு நாள் பார்த்தசாரதி போன் எடுக்க நகர்ந்துவிட்டார். கண்ணாடி வழியாக அதைப் பார்த்த சதாசிவம் அந்த நொடியே வெளியே வந்து, வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாக நண்பனைத் திட்டினார். வெளியே நிற்பவர் இடத்தை விட்டு நகர்ந்தால் உள்ளே இருப்பவர் வேலையை நிறுத்திவிட்டு வர வேண்டும். அவர்கள் பிரிவில் அது எழுதி ஒட்டிய விதி.

வீட்டில் ஜெகதாம்பாள்தான் வெளியே நிற்பவர். அவள் கட்டில் கூடத்தில், பால்கனிக் கதவோரம். கம்ப்யூட்டர் உள்ளறையில். கட்டிலருகில் ஸ்டூலில் ஓர் அலாரம் கடிகாரம், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். இடது கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எட்டரைக்கு அலாரம் அடித்ததும் அவள் அதை அமுக்கிவிட்டு டம்ளரை மூன்று தட்டு தட்டுவாள். சதாசிவம் எழுந்து வருவார். ஒரு தடவை கையில் இரண்டு ஏஸ் இருந்தது, வந்துவிட்டார். தளம் அவருக்குப் பதிலாகச் சீட்டைக் கவிழ்த்து, அந்த ஆட்டத்திலிருந்து அவரை விலக்கிவிட்டது. அதை அவளிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வாயின் இடது பக்கம் சிரித்தது.

அவளுக்கு அந்தக் கட்டிலும் பால்கனியும் அங்கே போட்ட நாற்காலியும்தான் ஊர். பால்கனிக் கம்பியில் கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் வாளி. பதினொரு மணிக்குத் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்திலிருந்து ஆராயி காய்க் கூடையோடு வருவாள்.

"கீர கீது, வெண்டிக்கா கீது, வாளிய வுடும்மா."

சதாசிவம் வாளியை இறக்குவார். மேலே வருகிற வெண்டைக்காயில் பாதி முற்றலாக இருக்கும். ஜெகதாம்பாள் ஒன்றை எடுத்து ஒரு கையால் முனையை ஒடித்துப் பார்ப்பாள். ஒடியாது. கீழே ஆராயி போய்விட்டிருப்பாள்.

மாதம் ஒரு முறை தனகோடி கேஸ் சிலிண்டர் கொண்டுவருவான். மூன்று மாடி தோளில் சுமந்து வந்து, அடுப்படியில் இறக்கிவிட்டு, ஜெகதாம்பாளைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வான்.

"இன்னாம்மா, இன்னும் மேலயே குந்திகினு கீறீங்க? சிலிண்டரு முப்பது கிலோ. நீங்க இன்னா, ஒன்றர சிலிண்டரு இருப்பீங்களா? அப்டியே தூக்கினு போயி கீழ வெச்சிர்றேன். சிலிண்டராவது உருண்டு பேஜாரு பண்ணும், நீங்க பண்ண மாட்டீங்க."

"அதெல்லாம் வேணாம்ப்பா" என்று சதாசிவம் சில்லறை கொடுத்து அனுப்பிவிடுவார். வாக்குக் கொடுத்திருந்தாரே.

இரண்டே கால் வருடத்தில் ஐம்பது டாலர் நாலாயிரமாயிற்று. 2007 நவம்பர். இப்போது ஐம்பது டாலர் மேசையில் இருந்தார். மூன்று லட்சம் என்றால் ஏழாயிரத்து ஐநூறு டாலர். இன்னும் மூவாயிரத்து ஐநூறு. இதே மேசையில் இருந்தால் இரண்டு வருடம் நான்கு மாதம். நூறு டாலர் மேசைக்கு ஏறினால் ஒரு வருடம் இரண்டு மாதம். நாற்பது மடங்கு இருந்தது. விதி ஏறலாம் என்றது. ரோகிணியும் போனில், "ஏறலாம்ப்பா" என்றாள்.

ஏறினார்.

அங்கே ஆட்கள் பெரிய மேதைகள் இல்லை. ஆட்டமும் அதே ஆட்டம்தான். கைதான் வேறு மாதிரி ஆயிற்று. நூறு டாலர் நாலாயிரம் ரூபாயாகத் தெரிந்தது. பிறகு அதைவிட மோசம். ஒரு நாள் காலை நோட்டில் ஏழாயிரத்து ஐநூறை ஐம்பத்து நான்கால் வகுத்துப் பார்த்துவிட்டார். ஒரு படிக்கு நூற்று முப்பத்தொன்பது டாலர். அதன் பிறகு ஒவ்வொரு கையும் படியாகத் தெரிந்தது. ஜெயித்தால் ஜெகதாம்பாள் முக்கால் படி இறங்கினாள். தோற்றால் ஏறினாள். நியாயமாகப் பணம் போட வேண்டிய இடத்தில் கவிழ்த்தார், கவிழ்க்க வேண்டிய இடத்தில் பிடித்துத் தொங்கினார். மூன்றே வாரத்தில் நாலாயிரம் மூவாயிரமாயிற்று. விதிப்படி இறங்கினார்.

மறுபடி நாலாயிரத்தைத் தொட எட்டு மாதம் ஆயிற்று. 2008 ஜூலையில் மறுபடி ஏறினார். ஆகஸ்டில் மறுபடி மூவாயிரம்.

"அப்பா, மூவாயிரம் வந்தா இறங்கணும்" என்றாள் ரோகிணி.

"தெரியும்."

"இறங்கிட்டீங்களா?"

"உம்."

இறங்கவில்லை. இறங்கினால் இன்னும் எட்டு மாதம் கழித்து இதே இடத்தில் நிற்பார். ஏறுவதும் இறங்குவதுமாக, ஒரே மாடித் திருப்பத்தில் முன்னும் பின்னும் நடக்கிற மாதிரி. ஜெகதாம்பாள் இளைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றரை சிலிண்டர் ஒன்றேகால் ஆகியிருந்தது.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை. மணி எட்டு ஆகவில்லை. மேசையில் தொண்ணூறு டாலர் குவிந்திருந்தது. அவர் கையில் இரண்டு ராஜா. டம்ளர் சத்தம் கேட்டது. மூன்று தட்டு இல்லை, விடாமல் தட்டினாள். அவர் எழுந்து ஓடினார். அந்த ஒன்றை மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கூடத்தில் தனகோடி சிலிண்டரை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒன்னும் பண்ல சார். எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். அம்மா டம்ளர எடுத்துகினு ஆரம்பிச்சிட்டாங்க."

ஜெகதாம்பாள் ஸ்பூனால் தனகோடியின் தோளைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். பால்கனிக்கு வெளியே, கீழே காட்டினாள். அன்றைய சொற்களில் ஒன்றைச் செலவழித்தாள்.

"போலாம்."

புரியாமல் இருக்க அதில் ஒன்றுமில்லை. மூன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய வாக்கை அவளே திருப்பிக் கொடுத்தாள். சதாசிவம் அவளைப் பார்த்தார். உள்ளறையைப் பார்த்தார். திரையில் அவருடைய ராஜாக்கள் கவிழ்ந்திருக்கும்.

"திருப்பத்துல சாஞ்சிட்டா? அன்னிக்கு மாதிரி ஆயிட்டா? ஒரு வருஷம் பொறுத்துக்கோ ஜெகதா. கிட்ட வந்துட்டேன். ஒரேயடியா இறங்கிடலாம், அப்புறம் யாரும் தூக்கவே வேணாம்."

அவள் கேட்டுக்கொண்டாள். ஸ்பூனை டம்ளருக்குள் போட்டாள்.

தனகோடி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சரி சார், நான் வந்துகினுதான் இருப்பேன்" என்றான்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அலாரம் அடித்தது. அடித்து ஓய்ந்தது. டம்ளர் சத்தம் வரவில்லை. சதாசிவம் தானாக எழுந்து வந்தார். அவள் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று நினைத்தார். இரண்டு நாளில் தணியும் என்று நினைத்தார். புதன்கிழமை அலாரம் அடிக்கும்போது ஒரு கை பாதியில் இருந்தது, முடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அலாரமே காதில் விழவில்லை.

பதினோராவது நாள் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது மணி பத்து. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர் மீதி. கழுத்து வலித்தது. மூன்றரை மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை.

கூடத்தை எட்டிப் பார்த்தார். ஸ்டூலில் கடிகாரம் குப்புறக் கிடந்தது. டம்ளர் காலி, ஸ்பூன் இல்லை. ஜெகதாம்பாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தசாரதி நகர்ந்துபோன இடம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. இப்போது பதினோரு நாள் ஆகியிருந்தது.

மேசையை மூடவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் ஸ்விட்சை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஐம்பத்து நான்கு படி இறங்கி, கேஸ் குடோனுக்கு நடந்தார். தனகோடி ஒரு மூலையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், உங்களுக்கு இன்னிக்கு லோடு இல்லியே."

"சிலிண்டர் இல்ல தனகோடி. அம்மா."

தனகோடி பொட்டலத்தை மறுபடி மடித்தான். "நாஸ்தா துன்னுட்டு வரட்டா, இப்பவே வரட்டா?"

"துன்னுட்டு வா."

"இப்பவே வரேன்."

இரண்டாவது மாடியில் சரவணகுமார் இருந்தான். மறைமலைநகர் கம்பெனி பஸ் ஓட்டுபவன், நைட் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கதவைத் தட்டுவது சதாசிவத்துக்குப் படியிறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐந்து வருடமாக அங்கே குடியிருந்தும் அவனிடம் அவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் கூடக் கேட்டதில்லை. டவுன்ஷிப்பில் எது வேண்டுமானாலும் புகார் நோட்டில் எழுதினால் ஆள் வரும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பழக்கமே இல்லை.

விஷயத்தைக் கேட்ட சரவணகுமார் லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

"இத்த கேக்க மூணு வருஷமா சார்? நான் டெய்லி உங்க வூட்டுக்குக் கீழதான் தூங்கிகினு கீறேன்."

மேலே ஜெகதாம்பாள் இடது கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். அலமாரியைக் காட்டினாள். வேலைக்கு வந்திருந்த பூவாயிக்குத்தான் அது முதலில் புரிந்தது. ஊக்கு. ஒன்று குத்தினாள். ஜெகதாம்பாள் விரலைக் காட்டினாள். இன்னொன்று. முழங்காலுக்கு இரண்டு, கணுக்காலுக்கு இரண்டு, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு இரண்டு. ஏழு ஊக்கு. ஏழாவதுக்குப் பிறகு தலையை அசைத்தாள்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவளைப் போர்வையால் கட்டினார்கள். தனகோடி முதுகுப் பக்கம், சரவணகுமார் கால் பக்கம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தனகோடி, "நில்லு மச்சான், மூலைய பாத்துக்கோ, நான் டெய்லி ஒடச்சிக்கிற மூல அது" என்றான். நாற்காலி சாயவில்லை. கதவுகள் திறந்தன. ஜெகதாம்பாள் கண்ணை மூடவில்லை. சதாசிவம் பின்னால் வாட்சைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பழக்கம்.

கேட் பக்கத்தில் வேப்ப நிழலில் நாற்காலியை வைத்தார்கள். கடற்கரைக்குப் போகலாமா, ஆட்டோ கூப்பிடட்டுமா, மாமல்லபுரம் வரை ஒரு நடை போய் வரலாமா என்று சதாசிவம் அடுக்கிக்கொண்டே போனார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆராயி வந்துகொண்டிருந்தாள்.

ஆராயி கூடையை இறக்கினாள். மூன்றரை வருடமாக வாளியின் மறுமுனையில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"அட, இறங்கிட்டியா தாயி."

ஜெகதாம்பாள் கையை நீட்டிக் கூடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்தாள். ஒற்றைக் கையால் முனையை வளைத்தாள். ஒடியவில்லை. அதைத் தூக்கித் தெருவில் போட்டாள். அடுத்தது. அதுவும் தெருவில் விழுந்தது.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? மேலயே இருந்திருக்கலாம் நீ" என்றாள் ஆராயி. சொல்லிவிட்டுக் கூடையின் அடியில் கையை விட்டு, தனியாக மூடி வைத்திருந்த பிஞ்சுகளை எடுத்து அவள் மடியில் வைத்தாள். டப், டப் என்று ஐந்தாறு முனை ஒடிந்தது. ஜெகதாம்பாளின் முகத்தில் பாதி சிரித்தது. மீதிப் பாதி அசையவில்லை என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சதாசிவம் நோட்டில், ஆட்டக் கணக்குக்குக் கீழே, புதிதாக ஒரு வரி எழுதினார்.

ஒன்று. 11.20 – 11.24. நான்கு நிமிடம்.

எழுதிய பிறகு பின்னால் புரட்டியபோது நவம்பரில் குறித்த "ஒரு வருடம் இரண்டு மாதம்" கண்ணில் பட்டது. அதை அடிக்கவில்லை. தப்பான அளவையும் நோட்டில் அப்படியே விட வேண்டும், அழிக்கக் கூடாது. அதுவும் வேலையில் பழகியதுதான்.

அதன் பிறகு அவர் எந்த மேசையிலும் உட்காரவில்லை. ரோகிணி கேட்டபோது, "இறங்கிட்டேன்" என்றார். இந்தத் தடவை உண்மை. மீதி டாலர் அங்கேயே கிடந்தது. தரைத்தள வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அநேகமாக வாரத்துக்கு ஒரு நாள், தனகோடிக்கு ஒழிந்தபோது, ஜெகதாம்பாள் கீழே வந்தாள். மழைக்காலத்தில் மட்டும் ஒரு மாதம் வரவில்லை. நோட்டில் பத்தொன்பது வரி ஆயிற்று. கடலுக்கு ஒரு முறை போனார்கள். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேச ஆள் இல்லை.

2009 மார்ச்சில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இரண்டு நாள், கூடத்துக் கட்டிலிலேயே.

பாடை மாடித் திருப்பத்தில் திரும்பாது என்றார்கள். அதே நாற்காலியில்தான் இறக்க வேண்டும். தனகோடி சொல்லாமலே வந்திருந்தான். சரவணகுமார் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். போர்வையைக் கட்டினார்கள். தூக்கக் குனிந்த தனகோடி நிமிர்ந்து பார்த்தான்.

"ஊக்கு போட்டாச்சா சார்?"

போடவில்லை. அந்த நெரிசலில் யாருக்கும் தோன்றவில்லை. சதாசிவம் எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, அவரே குனிந்து உட்கார்ந்து, ஏழையும் குத்தினார். நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கதவைத் திறந்து, "வாங்க" என்றார்.

இருபது. 3.40 – 3.44. நான்கு நிமிடம்.